எழுமீனும் கொல்லம் ஆண்டும்: சுந்தரம் பிள்ளையின் கருதுகோளுக்கு ஒரு மறுகணக்கு

கொல்லம் ஆண்டு எவ்வாறு தோன்றியது என்ற கேள்விக்கு, வடவானத்தின் ஏழு விண்மீன்களைச் சுட்டி விடை கூறியவர் ஒரு தமிழறிஞர். 'மனோன்மணீயம்' ஆசிரியராக நாம் அறிந்த பெ. சுந்தரம் பிள்ளையே (1855–1897) அவர். கொல்லம் ஆண்டு என்பது வட இந்தியாவில் வழங்கிய சப்தரிஷி ஆண்டின் திரிந்த வடிவம் என்பது அவர் கருத்து. கேரள வரலாற்று நூல்களில் இக்கருத்து பெரும்பாலும் ஓரிரு வரிகளில் சொல்லப்பட்டுக் கடந்துபோகிறது. ஏற்பவரும் மறுப்பவரும் கணக்கைப் போட்டுக் காட்டுவதில்லை. இப்பதிவில் அதனைக் கணக்கு, ஆவணம், மொழி ஆகிய மூன்று வழிகளில் சோதித்துப் பார்க்கிறேன். சற்று நீண்ட பதிவு. பொறுமையுடன் படிக்க வேண்டுகிறேன்.

பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரத்து எல்லையோர ஊர்களுக்கு இது வெறும் ஏட்டுக் கேள்வி அன்று. 1956 நவம்பர் 1 அன்று அகஸ்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் கன்னியாகுமரி மாவட்டமாகச் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரசு கோரிய பகுதிகளுள் நெய்யாற்றின்கரையும் இருந்தது. ஆயினும் அது கேரளத்திலேயே நின்றது. இஞ்சிவிளைக்கும் களியக்காவிளைக்கும் நடுவே மாநில எல்லை அமைந்தது. அந்நாள் கொல்லம் 1132ஆம் ஆண்டின் துலாம் மாதத்தில் வருகிறது. ஆட்சிமொழி பிரிந்தது, பள்ளிப் பாடம் பிரிந்தது. ஆனால் எல்லைக்கு இருபுறமும் உள்ள பழைய நில ஆதாரங்களில் எழுதப்பட்ட ஆண்டு ஒன்றே. நிலவுரிமை வரலாற்றில் திருப்பமாகக் கருதப்படும் 1865ஆம் ஆண்டின் பண்டாரப்பாட்ட விளம்பரம், இரு மாநிலத்து நில ஆய்வாளர்களுக்கும் கொல்லம் 1040ஆம் ஆண்டின் விளம்பரம்தான். திருநெல்வேலிப் பஞ்சாங்கங்களில் கொல்லம் ஆண்டு இன்றும் அச்சாகிறது.

இவ்வாறு இரு மொழியினரும் பகிர்ந்துகொள்ளும் ஓர் ஆண்டுமுறையின் தோற்றத்தை ஒரு பக்கத்தார் தமக்கே உரியதென்று சொல்லும்போதும், வேறொருவர் அதை முழுவதும் வடக்கிலிருந்து இறக்குமதியானது என்று சொல்லும்போதும், நாம் கேட்கவேண்டியது ஒன்றுதான்: அதற்குச் சான்று என்ன?

முதலில் விண்மீன்களைப் பார்ப்போம்.

நற்றிணையின் 231ஆம் பாட்டு, நெய்தல் நிலப் பாட்டு. கடலில் நீராடும் சிறிய வெண்ணிறப் பறவைகளுக்கு அப்பாட்டு வானத்து 'எழுமீனை' உவமையாக்குகிறது. அம்மீன்கள் மக்கள் கைகூப்பித் தொழும் மரபுடையவை என்றும் குறிப்பிடுகிறது. ஏழு என்னும் எண்ணுப்பெயர் பெயருக்கு முன் வரும்போது முதல் குறுகி 'எழு' ஆகும். எழுபது என்பதிலும் அதுவே நிகழ்கிறது. கார்த்திகைக் கூட்டத்துக்குச் சங்கப் பாடல்களில் வழங்கும் 'அறுமீன்' என்னும் பெயரும் இதே அமைப்புடையது. ஆக, பழந்தமிழ் இவ்விரு கூட்டங்களுக்கும் எண்ணைக் கொண்டு பெயரிட்டது. முனிவர் கதையைக் கொண்டு அன்று. வடமொழியிலும் 'ஏழு முனிவர்' என்பது முதற்பெயர் அன்று. இவ்விண்மீன்கள் முன்பு 'ருக்ஷ', அதாவது கரடிகள், எனப்பட்டன என்று சதபத பிராமணமே கூறுகிறது. அச்சொல் கிரேக்கத்தின் 'அர்க்தோஸ்', இலத்தீனின் 'உர்சுஸ்' ஆகியவற்றோடு ஒரே வேரில் பிறந்தது. பெருங்கரடி என்னும் இன்றைய வானியற்பெயரும் அம்மரபைச் சார்ந்ததே.

வராகமிகிரர் தம் பிருகத் சம்கிதையில் இவ்வேழையும் கிழக்கிலிருந்து வரிசைப்படுத்துகிறார்: மரீசி, வசிட்டர், அங்கிரசு, அத்திரி, புலத்தியர், புலகர், கிரது. இன்றைய பெயர்களில் இவை முறையே அல்கைத், மிசார், அலியோத், மெக்ரெஸ், ஃபெக்டா, மெராக், டூபே. வசிட்டருக்கு அருகே மங்கலாகத் தெரியும் அல்கோர்தான் அருந்ததி. சங்க இலக்கியம் கற்புக்கு உவமை கூறும் 'வடமீன்' அது. புலகரையும் கிரதுவையும் இணைக்கும் கோட்டை நீட்டினால் அது துருவமீனை நோக்கிச் செல்லும்.

நெய்யாற்றின்கரைப் பகுதி ஏறத்தாழ 8.4 பாகை வட அகலாங்கில் உள்ளது. ஆகவே அங்கே துருவமீன் அடிவானிலிருந்து எட்டுப் பாகை உயரத்தில்தான் நிற்கும். தென்னந்தோப்பு ஒன்று போதும் அதை மறைக்க. எழுமீன் உதித்து மறையும். ஏப்ரல், மே மாதங்களின் முன்னிரவில் அது வடக்கே நன்கு உயர்ந்திருக்கும். காசுமீரத்தில் நிலை வேறு. அங்கே இவ்விண்மீன்களுள் பெரும்பாலானவை 9ஆம் நூற்றாண்டில் அடிவானுக்குக் கீழே இறங்கியதே இல்லை. 'மறையாத மீன்கள் தெரியும் நாட்டில் பிறந்த ஆண்டுமுறை, அவை மறையும் நாட்டில் வேரூன்றுமா?' என்று கேட்கத் தோன்றும். ஆனால் இவ்வாதம் செல்லாது. ஏனெனில் சப்தரிஷி ஆண்டு வானைப் பார்த்து எண்ணப்பட்ட ஆண்டே அன்று.

அதன் அடிப்படை இதுதான். ஏழு முனிவரும் ஒவ்வொரு நட்சத்திரத்திலும் நூறாண்டுகள் தங்குவர். இருபத்தேழு நட்சத்திரங்களையும் 2700 ஆண்டுகளில் சுற்றி வருவர். விட்டுணு புராணமும் பாகவதமும் இதைக் கூறுகின்றன. வராகமிகிரர் இதை விருத்த கர்க்கரின் கருத்தாகத் தருகிறார். உண்மையில், மகம் முதலிய நட்சத்திரங்களோடு ஒப்பிடும்போது இவ்வேழும் அப்படி நகர்வதில்லை. இவற்றுள் நடுவிலுள்ள ஐந்தும் நம்மிடமிருந்து ஏறத்தாழ 80 ஒளியாண்டுத் தொலைவில் ஒரே திசையில் செல்லும் ஒரு குழு என்பதை 1869இல் ரிச்சர்டு பிராக்டர் காட்டினார்; டூபேயும் அல்கைதும் அக்குழுவைச் சேராதவை. இந்த நகர்ச்சி மிகச் சிறியது. நூறாண்டுகளில் ஒரு நட்சத்திரம் கடப்பது என்பதற்கும் இதற்கும் தொடர்பில்லை. 11ஆம் நூற்றாண்டிலேயே அல்பிரூனி இம்முரணைக் கண்டார். சக 951ஆம் ஆண்டுக்குரிய காசுமீரப் பஞ்சாங்கம் ஒன்று, ஏழு முனிவர் அனுடத்தில் 77 ஆண்டுகளாக இருப்பதாகக் கூறுவதை எடுத்துக்காட்டி, அது வானத்தோடு பொருந்தவில்லை என்று அவர் எழுதினார்.

எனினும், வானியலாகப் பிழைபட்ட ஒரு கருத்து ஆண்டெண்ணும் கருவியாக நன்றாகவே பயன்படக்கூடும். ஒரு நூறு முடிந்ததும் மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்கலாம். பெரிய எண் எழுத வேண்டியதில்லை. காசுமீரத்தில் அவ்வாறே வழங்கினர். இம்முறைக்கு அங்கே 'லௌகிகம்' என்றும் பெயர் உண்டு. நம் இலக்கண நூலார் 'உலக வழக்கு' என்பதற்கு நெருங்கிய பொருள்தான். கல்கணர் தம் இராசதரங்கிணியில், தாம் எழுதும் ஆண்டு லௌகிகம் 24 என்றும் அப்போது சகம் 1070 கடந்திருந்தது என்றும் கூறுகிறார். அது கி.பி. 1148. நூற்றாண்டு எண்ணை அவர் விட்டுவிட்டார் என்பதைக் கவனிக்க.

இப்போது சுந்தரம் பிள்ளையின் கருதுகோளுக்கு வருவோம். கொல்லம் முதலாண்டு கி.பி. 825இல் பிறக்கிறது. கல்கணர் தரும் சமன்பாட்டின்படி, கி.பி. ஆண்டிலிருந்து 24ஐக் கழித்துக் கடைசி இரண்டு இலக்கங்களை எடுத்தால் லௌகிக ஆண்டு கிடைக்கும். 825இலிருந்து 24ஐக் கழித்தால் 801. அதாவது 825இல் லௌகிகமும் ஒரு நூறு முடிந்து, மீண்டும் 1இல் தொடங்குகிறது.

இது ஓர் ஆண்டோடு நிற்பதன்று. கல்கணர் எழுதிய 1148இல் சிங்கம் பிறந்தபின் கொல்லம் 324, லௌகிகம் 24. அண்மைக் காலத்தையும் பார்க்கலாம். 2025 மார்ச்சு இறுதியில் காசுமீரப் பண்டிதர்கள் சப்தரிஷி 5101ஐ வரவேற்றனர். அவ்வாண்டு ஆகத்தில் கொல்லம் 1201 பிறந்தது. சிங்கம் முதல் அடுத்த சித்திரை வளர்பிறைத் தொடக்கம் வரை, இரண்டின் கடைசி இரு இலக்கங்களும் எப்போதும் ஒன்றாகவே இருக்கும். பன்னிரண்டு நூற்றாண்டுகளாக இப்பொருத்தம் பிசகவில்லை. இரண்டும் ஆண்டுக்கு ஒன்று கூடும் எண்கள் ஆதலால் தொடக்கத்தில் பொருந்தியது இறுதிவரை பொருந்தும். வியப்பு தொடக்கப் பொருத்தத்தில் மட்டுமே உள்ளது. சுந்தரம் பிள்ளையின் கண்ணில் பட்டது அதுதான்.

நூறை விட்டு எண்ணும் பழக்கமும் நமக்கு அயலானதன்று. 1924ஆம் ஆண்டின் பெருவெள்ளம் கொல்லம் 1099இல் நிகழ்ந்தது. திருவிதாங்கூர் மக்கள் வாயில் அது 'தொண்ணூற்றொன்பது வெள்ளம்'தான். ஆயிரத்தை எவரும் சொல்வதில்லை. ஆனால் இது எந்த ஆண்டுமுறையிலும் பேச்சுவழக்கில் நிகழக்கூடியது. இதனை உறவுக்குச் சான்றாகக் கொள்ள இயலாது.

இனிச் சோதனைகள்.

முதலாவது, தற்செயலின் அளவு. நூறாண்டுச் சுழற்சியில் ஒரு குறிப்பிட்ட ஆண்டு முதலாண்டாக அமையும் வாய்ப்பு நூற்றில் ஒன்று. ஓராண்டு முன்பின்னாக இருந்தாலும் பொருத்தம் என்று ஏற்றிருப்போமாயின் நூற்றில் மூன்று. மேலும், ஒப்பிடுவதற்கு ஒரே ஆண்டுமுறை மட்டும் நம்மிடம் இல்லை. பலவற்றோடு ஒப்பிட்டு, பொருந்தியதை மட்டும் எடுத்துக்காட்டினால் அவ்வாய்ப்பு இன்னும் கூடும். ஆகவே இப்பொருத்தம் புறக்கணிக்கத்தக்கது அன்று; முடிவு கட்டத்தக்கதும் அன்று.

இரண்டாவது, எந்தச் சப்தரிஷிக் கணக்கு என்பது. இதுவே என் பார்வையில் முதன்மையான சோதனை. சப்தரிஷிக் கணக்கு ஒன்றன்று. வராகமிகிரர், சக ஆண்டோடு 2526ஐக் கூட்டினால் யுதிட்டிரர் காலம் முதலான எண் வரும் என்கிறார். அல்பிரூனி கண்ட பஞ்சாங்கம் இக்கணக்கையே பின்பற்றியது: 951உடன் 2526ஐக் கூட்டினால் 3477, நூறுகளை நீக்கினால் அவர் குறிப்பிடும் 77. இதே கணக்கைக் கி.பி. 825க்கு, அதாவது சக 747க்குப் போட்டால் 3273 வரும். நூற்றாண்டின் 73ஆம் ஆண்டு, தொடக்கம் அன்று. கலியுகத் தொடக்கத்திலிருந்தே நேராக எண்ணினால் 3926. அதுவும் 26ஆம் ஆண்டே. கடந்த கலியாண்டிலிருந்து 25ஐக் கழிக்கும் காசுமீர வழக்கில் மட்டும்தான் 3901 வந்து 1 கிடைக்கிறது.

இதன் பொருள் என்ன? பிருகத் சம்கிதை இந்தியச் சோதிடர்களுக்குப் பொதுவான நூல். அதன் வழியாகச் சப்தரிஷிக் கருத்து தெற்கே வந்திருந்தால், 825இல் புதிய எண் தொடங்கக் காரணமே இல்லை. சுந்தரம் பிள்ளையின் கருதுகோள் நிற்கவேண்டுமானால், காசுமீரத்தையும் அதையொட்டிய மலைநாடுகளையும் சார்ந்த அந்த ஒரு வழக்கு மட்டும் வேணாட்டுக் கடற்கரைக்கு வந்து சேர்ந்தது என்று காட்டவேண்டும். வணிகர் வழியாக எதுவும் வரலாம்தான். ஆனால் 'வரலாம்' என்பது சான்றாகாது.

மூன்றாவது, ஆண்டின் அமைப்பு. லௌகிக ஆண்டு சந்திரமாதங்களை உடையது. சைத்திர வளர்பிறையில் தொடங்கும். கொல்லம் ஆண்டு சூரியமாதங்களை உடையது. தெற்கே சிங்கத்திலும் வட மலபாரில் கன்னியிலும் தொடங்கும். எண் மட்டும் கடன்வாங்கப்பட்டு, மாதமும் ஆண்டுப்பிறப்பும் கடன்வாங்கப்படவில்லை என்று நாம் கொள்ள நேரிடும். கருதுகோளின் மேல் இது இன்னொரு சுமை.

நான்காவது, ஆவணங்கள். கொல்லம் ஆண்டின் முதல் அரைநூற்றாண்டில் எழுந்த மூன்று சான்றுகளைப் பாருங்கள். கி.பி. 849இன் தரிசாப்பள்ளிச் செப்பேடுகள் கொல்லம் நகரத்தையே பேசுகின்றன. காலக்குறிப்போ தாணு இரவியின் ஐந்தாம் ஆட்சியாண்டு. மகோதயபுரத்தில் அதே அரசனின் அவையில் இருந்த வானியலார் சங்கரநாராயணர், இலகுபாஸ்கரீயத்துக்கு உரை எழுதிய காலத்தைச் சக 791 என்று தருகிறார். மூன்றாவது, எல்லைப்பகுதியின் சொந்தச் சான்று. பாறசாலைக்குத் தென்கிழக்கே, முஞ்சிறை அருகிலுள்ள பார்த்திவசேகரபுரத்தில் ஆய் மன்னன் கருநந்தடக்கன் கோயிலும், காந்தளூர்ச் சாலையை முன்மாதிரியாகக் கொண்டு 95 சட்டர்களுக்கான சாலையும் அமைத்தான். அச்செப்பேடு தன் காலத்தைக் கலிநாள் 14,49,087 என்று குறிக்கிறது. கி.பி. 866 சூலை முதல் வாரம் முடிந்த நேரம் அது. கொல்லம் எண்ணின்படி 41ஆம் ஆண்டு.

ஆட்சியாண்டு, சகம், கலிநாள். நாட்களையே பதினான்கு இலட்சம் வரை பிழையின்றி எண்ணத் தெரிந்த ஒரு கல்விச் சூழல் இது. இங்குள்ளோர் எண் சிறியதாக வேண்டும் என்பதற்காக நூறை விட்டெண்ணும் முறையை நாடியிருப்பர் என்பதற்கு இம்மூன்றிலும் தடயமில்லை. கொல்லம் ஆண்டைக் குறிக்கும் மிகப் பழைய ஆவணமாகப் பொதுவாகச் சுட்டப்படுவது சீவல்லவன் கோதையின் மாம்பள்ளிச் செப்பேடு. அதன் ஆண்டு 149, அதாவது கி.பி. 973–74. அது 49 என்று எழுதப்படவில்லை. நூறை விட்டெண்ணும் முறையிலிருந்து நூறைச் சேர்த்தெண்ணும் முறைக்கு மாறியது உண்மையாயின், அம்மாற்றம் இதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

ஐந்தாவது, மொழி. கல்வெட்டுகளில் வரும் தொடர் 'கொல்லம் தோன்றி' என்பது. 'தோன்றி' என்பது செய்து என்னும் வாய்பாட்டு வினையெச்சம். 'கொல்லம்' அதன் எழுவாய். 'கொல்லம் உண்டாகி இத்தனையாவது ஆண்டு' என்பதே நேர்ப்பொருள். சக ஆண்டைக் குறிக்கும் 'சகரையாண்டு' என்பதில் இப்படி ஒரு தோற்ற வினை இல்லை. ஆண்டுப்பெயர்கள் கடன்வாங்கப்படும்போது பெயரின் ஏதேனும் ஒரு துண்டு பெரும்பாலும் உடன் வரும். சகமும் கலியும் அவ்வாறே தமிழில் வந்தன. முனிவர், ரிஷி, லௌகிகம், சாத்திரம் என எதன் எச்சமும் 'கொல்லம் தோன்றி' என்பதில் இல்லை. அத்தொடர் வானத்தைச் சுட்டவில்லை. ஒரு நகரத்தைச் சுட்டுகிறது.

ஆக, என் முடிவு இது. எண்களின் பொருத்தம் உண்மையானது. யாரும் இன்றே கணக்கிட்டுச் சரிபார்க்கலாம். ஆனால் அப்பொருத்தத்தை மரபுவழி உறவாக மாற்றுவதற்குத் தேவையான கண்ணிகளை ஆவணமும் மொழியும் தரவில்லை. கொல்லம் ஆண்டைச் சப்தரிஷி ஆண்டின் வழிவந்ததாக எழுதுவோர் அதைக் கருதுகோள் என்றே எழுதவேண்டும். அதே அளவுகோல், உதய மார்த்தாண்டவர்மன் அவை கூட்டித் தொடங்கினான், சங்கரர் மறைவை ஒட்டித் தொடங்கியது என்பன போன்ற வழக்குகளுக்கும் பொருந்தும். இவற்றுக்குச் சுந்தரம் பிள்ளையின் கருதுகோளுக்கு உள்ள எண்வலிமைகூட இல்லை.

இதனால் அவர் பெருமை குறைவதில்லை. திருஞானசம்பந்தரின் காலத்தை நிறுவியபோதும், தென்திருவிதாங்கூர்க் கோயில்களின் கல்வெட்டுகளைத் தேடிப் படித்து வேணாட்டு அரசர் வரிசையை அமைத்தபோதும், அவர் நாடியது சரிபார்க்கத்தக்க சான்றை. மணலிக்கரைக் கல்வெட்டைப் போன்ற கொல்லம் 410ஆம் ஆண்டு ஆவணத்தின் அருமையை உணர்ந்து உலகுக்குக் காட்டியவரும் அவரே. திருவனந்தபுரத்தில் மெய்யியல் கற்பித்த ஒருவர், கொல்லத்தின் எண்ணையும் காசுமீரத்தின் எண்ணையும் அருகருகே வைத்துப் பார்த்தார் என்பதே ஒரு முறையியல் பாடம். சொன்ன கருத்து தவறாக இருக்கக்கூடும் என்னும் வகையில், அதாவது பிறர் சோதித்து மறுக்கக்கூடிய வடிவில், அவர் சொன்னார். தோற்றக் கதைகள் பலவும் அந்த வாய்ப்பையே தருவதில்லை.

எல்லையோர ஊர்களின் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பெட்டியில் உள்ள ஆதாரம், ஒற்றி ஓலை, குறிப்பேடு எதுவாயினும், அதில் கொல்லம் ஆண்டு முழு எண்ணாக எழுதப்பட்டுள்ளதா, நூறு விடப்பட்டுள்ளதா என்று பாருங்கள். மாதப்பெயர் சிங்கமா ஆவணியா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். மூத்தோரிடம் எழுமீனை என்ன பெயரால் அழைப்பார்கள் என்றும் கேளுங்கள். ஊர்ப்பெயரும் ஆவணத்தின் காலமும் குறிப்பிட்டுக் கருத்துப் பகுதியில் பதிந்தால் போதும். தனிப்பட்டோர் பெயர் வேண்டா. இவ்விவாதத்துக்கு அடுத்து வேண்டியது அத்தகைய தரவே.